மணியை யாரும் தொட முடியாது

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி அடைமழை நேரம். ராஜபாளையத்தை அடுத்த சேத்தூர்ப் பக்கம் எங்கள் வீடு. கணவர் ராணுவத்தில், வடக்கே எங்கேயோ பனிமலையில் இருக்கிறார். வீட்டில் நானும் மணியும்தான். மணி எங்கள் நாய், ராஜபாளையத்து வெள்ளை ஜாதி. ரோஸ் மூக்கும் நீளக் காலுமாக, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நிற்பான்.

எங்கள் ஊரில் நாய்க்குப் பெருமையே வெளியாளை அண்டவிடாமல் இருப்பதுதான். குட்டியிலிருந்தே அப்படித்தான் வளர்ப்போம். அடுத்தவர் கையால் பிஸ்கட் வாங்கித் தின்றால் அந்த நாய்க்கு மரியாதை கிடையாது. மணியும் எங்கள் இருவரைத் தவிர யாரையும் தொடவிட மாட்டான். பக்கத்து வீட்டு மதினிகூட அவன் சோற்றுத் தட்டைக் குச்சியால்தான் தள்ளிவிடுவாள். போகிற வருகிற இடமெல்லாம் இதைச் சொல்லி அலட்டிக்கொள்வேன்.

மழைக்கு முன்னால் கால்நடை டாக்டர் ஒருவர் எங்கள் தெருவுக்கு வந்தார். சின்ன வயசுப் பெண். கண்மாய் உடைந்தால் ஆடு மாட்டை எந்த மேட்டுக்கு ஓட்டுவது, வீட்டில் ஆள் இல்லாவிட்டால் யார் அவிழ்த்துவிடுவது என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டு, போன் நம்பரும் வாங்கிக்கொண்டார். மணியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"யக்கா, இவனை வேத்து ஆள் தொட்டுப் பழக்குங்க. எங்கிட்ட கூட்டியாங்க, நானே பழக்கிவிடுறேன். கடிக்காம இருக்க வாய்க்கூடும் மாட்டிப் பழக்கிருவோம். ஒரு அவசரம்னா நீங்கதான் பக்கத்துல இருப்பியளா?"

சொல்லிக்கொண்டே கையை நீட்டினார். மணி பாய்ந்த பாய்ச்சலில் டாக்டர் நாலடி பின்னால் போய் விழப் பார்த்தார். தெருவே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். போனில் சொன்னபோது என் கணவர், "நம்ம மணியை ஊரான் கையில பழக்கவா? பொறவு அவன் எதுக்குக் காவலுக்கு இருக்கான்?" என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது.

ஐப்பசியில் ஒரு நாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. சாயங்காலம் திரும்பிவிடலாம் என்று மணியைக் கொல்லையில் சங்கிலியில் கட்டி, சோறும் தண்ணீரும் வைத்துவிட்டுக் காலை பஸ்ஸில் போனேன். மலையில் கொட்டிக்கொண்டிருந்த மழை எங்களுக்குத் தெரியவில்லை. மதியம் பந்தியில் உட்காரும்போதுதான் கண்மாய்க் கரை உடைந்துவிட்டது என்று தகவல் வந்தது. இலையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ்ஸும் நகரவில்லை. ரோட்டுக்கு மேல் தண்ணீர் போகிறது என்று போலீஸ் நிறுத்திவிட்டார்கள்.

மதினிக்குப் போன் போட்டேன். அவளை மற்றவர்களோடு பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். கிளம்பும் முன் மணியை அவிழ்த்துவிடப் போயிருக்கிறாள். அவன் பல்லைக் காட்டியதும் பயந்து அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

ஒவ்வொரு டிரைவராகப் போய்க் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அப்போது அந்த டாக்டரே கூப்பிட்டார். தீயணைப்புக்காரர்களோடு ரப்பர் படகில் எங்கள் கொல்லைக்கே போயிருந்தார்.

"யக்கா, துவைக்கிற கல்லு மேல ஏறி நிக்கான். தண்ணி வயித்துக்கு வந்துருச்சு. கிட்ட போகவே விடமாட்டேங்கான்."

"மயக்க ஊசி போடுங்க டாக்டர்!"

"இப்பப் போட்டா தண்ணிக்குள்ள முங்கிருவான்க்கா. அவனை நெருங்காம, சங்கிலியை மறுமுனையில வெட்டுறோம். போனை ஸ்பீக்கர்ல போடுறேன், நீங்க பேசுங்க. உங்க சத்தத்துக்கு அடங்குனான்னா படகுல இழுத்துப் போட்டுருவேன்."

என்ன பேசுவது? தினமும் கூப்பிடுகிற வார்த்தைதான் வாயில் வந்தது. பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

"மணி, சாப்பிட வாடா... சாப்பிட வா!"

குரைப்பு நின்றது. சங்கிலி வெட்டுப்படும் சத்தம் கேட்டது. "யக்கா, வாலை ஆட்டுதான்!" என்றார் டாக்டர். அழுகையும் சிரிப்புமாக இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். திடீரென்று அவர் வலியில் அலறினார். அதன் பிறகு, "மணி, அங்க போகாதடா! மணி!" என்ற குரல் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது.

கொல்லைப் பள்ளத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதில்தான் விறகடுப்பு வைத்திருந்தேன். தினமும் அங்கே நின்றுதான் அவனைச் சாப்பிடக் கூப்பிடுவேன். என் குரல் கேட்டதும் அவன் என்னைத் தேடி அங்கேதான் நீந்திப் போயிருக்கிறான். கழுத்துப் பட்டையை எட்டிப் பிடித்த டாக்டரின் கையைக் கடித்து உதறிவிட்டுப் போயிருக்கிறான். தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தோம். வெட்டிய சங்கிலி கொட்டகைத் தூணில் சிக்கியிருக்க, அடுப்புக்குப் பக்கத்திலேயே கிடந்தான்.

டாக்டர் கையில் கட்டோடு வீட்டுக்கு வந்தார். "மன்னிச்சிருங்க யக்கா, என்னால பிடிக்க முடியல" என்றார். அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான். அவருடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு அழத்தான் முடிந்தது.

இப்போதெல்லாம் மழைக்காலத்துக்கு முன்னால் அவர் நாய்களைப் பழக்கும்போது நானும் போகிறேன். மற்ற வீட்டு நாய்களுக்கு நான்தான் வெளியாள். முதலில் உறுமும், போகப்போக என் கையால் பிஸ்கட் வாங்கித் தின்னும். அதைப் பார்க்கும்போது அவற்றை வளர்த்தவர்களில் சிலருக்கு முகம் சுண்டிவிடும். ஏதோ ஒரு நாய் தன் கழுத்துப் பட்டையை என்னிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டுப் பேசாமல் நிற்கும்போதெல்லாம், அன்றைக்கு மணியும் இப்படி நின்றிருக்கலாமே என்று மனசு அடித்துக்கொள்கிறது. நிற்கத்தான் நாங்கள் அவனுக்குச் சொல்லித்தரவே இல்லையே.