பரளச்சி என்று ஒரு கையெழுத்து

நேற்று பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் திறந்தபோது எழுந்த சூடான தூசி வாசனை, அருப்புக்கோட்டையில் இப்போது செல்போன் கடையாகிவிட்ட அந்தக் கம்ப்யூட்டர் சென்டருக்கே என்னைக் கொண்டுபோனது. அங்கே படித்த நாட்களில், கரண்ட் போய் எல்லா இரைச்சலும் ஒன்றாக அடங்கியதும், கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கம் பென்சிலால் புரோகிராம் எழுதிக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவோம்; கரண்ட் வந்ததும் யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டிப் பார்க்கலாம், தப்பிருந்தால் திருத்தலாம்; எழுதுபவரும் திருத்துபவரும் கீழே பெயர் போடாமல் ஊரை மட்டும் போட வேண்டும்.

பதினாறோடு நிற்க வேண்டிய என் வாய்ப்பாடு புரோகிராம், திரை முழுக்க எண்களைக் கொட்டிக்கொண்டு ஓடியது. இது நமக்கு வராது என்று வகுப்பை விட்டுவிட இருந்த வாரம், என் தாளில் ஒரு குறிப்பு கூடியிருந்தது: ‘எங்க நிக்கணும்னு சொல்லல, அவ்வளவுதான். மத்ததெல்லாம் சரி. பரளச்சி.’

“யாருக்கா இது?” என்று சென்டர் அக்காவிடம் கேட்டேன்.

“அவுக பஸ்ஸுக்குப் போயிட்டாகளே.”

இன்று இணையத்தில் நான் பகிரும் சின்னச் சின்ன நிரல்களின் கீழேயும், அன்றைக்குப் போலவே பாலவனத்தம் என்று என் ஊரைத்தான் போடுகிறேன். பரளச்சிக்காரர் கண்ணில் என்றாவது பட்டால், அந்த வாய்ப்பாடு பதினாறோடு நின்றுவிட்டது என்று அவருக்குத் தெரியட்டும்.