கோலாலம்பூரில் நான்தான் என்று நிரூபித்த கதை

சென்ற வருடம் பள்ளி விடுமுறையில் நானும் அக்காவும் கோலாலம்பூர் போனோம். பயணத்துக்கென்று புதிய போன் ஒன்று வாங்கியிருந்தேன். பழைய போனை, கொழும்பு சிம்மோடு, வெள்ளவத்தை வீட்டில் கணவரிடம் விட்டுவிட்டுப் போனேன். அது எவ்வளவு பெரிய பிழை என்பது ஹோட்டல் வரவேற்பு மேசைக்கு முன்னால் நின்றபோதுதான் விளங்கியது.

அறை பதிவு செய்த விபரம் என் ஈமெயிலில் இருந்தது. புதிய போனில் ஈமெயில் திறக்கவில்லை. பழைய இலக்கத்துக்கு ஒரு கோட் அனுப்பியிருப்பதாகவும், அதை அடித்தால்தான் உள்ளே விடுவதாகவும் சொன்னது. உடனே கணவரை வீடியோவில் அழைத்தேன்.

"என்ர பழைய போனுக்கு ஒரு கோட் வந்திருக்கும். வாசிச்சுச் சொல்லுங்கோ."

அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். பிறகு அந்தப் பழைய போனைக் கவிழ்த்து வைத்தார்.

"ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டு போட்டிருக்கு."

"ஐயோ, அது எனக்கு வந்த கோட்!"

"நீர்தான் கதைக்கிறீர் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? இப்ப முகம், குரல் எல்லாம் கொம்பியூட்டரில செய்யினமாம். போன கிழமைதான் ஒபிஸில வகுப்பு வைச்சவை. சரி, சொல்லும் பாப்பம். நாங்கள் முதல்முதல் சந்திச்சது எங்க?"

"கல்கிசையில, உங்கட மாமி வீட்டில."

"பிழை. கொட்டாஞ்சேனையில, கோயில் வாசலில."

நான் மறுத்துப் பேச வாய் திறந்தேன். பக்கத்தில் நின்ற அக்கா, "அவர் சொல்லுறதுதானடி சரி. நானும் நிண்டனான்" என்றாள். அதற்குள் கோட் காலாவதியாகிவிட்டது. இன்னொன்று அனுப்பச் சொல்லி அழுத்தினேன்.

"எனக்கு விருப்பமான கறி?"

இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "கணவாய்."

"நண்டு."

"ஞாயிற்றுக்கிழமையில கணவாயை வழிச்சுத் துடைச்சுச் சாப்பிடுவீங்களே!"

"நீர் ஆசையாச் சமைக்கிறீர், நான் என்ன செய்ய?"

இத்தனை வருடக் கணவாயும் ஒரே நேரத்தில் என் நெஞ்சை அடைத்தது. திரையை உற்றுப் பார்த்தேன். அவருக்குப் பின்னால் கட்டில் தெரிந்தது. கட்டிலின் மேல், நான் புறப்படும்போது விரித்துவிட்டு வந்த வெள்ளை விரிப்பின் மேல், ஈரத் துவாய்.

"அந்தத் துவாயை எடுங்கோ! எத்தினை தரம் சொல்லுறது? மெத்தை நாறப்போகுது! நான் ஒரு நாள் வீட்டில இல்லாட்டி..."

அவர் முகம் மலர்ந்தது. "ஓம், ஓம். இது நீர்தான்."

கோட்டை ஒவ்வோர் இலக்கமாக, இரண்டு தரம், வானொலிச் செய்தி போல வாசித்தார். ஈமெயில் திறந்தது.

வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணும் தமிழ்தான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள் சாவியை நீட்டி, "அண்ணன் ரொம்ப கவனமானவரு, அக்கா" என்றாள்.

"நல்ல கவனம்தான்" என்றேன். "இனி நண்டை அவரே வாங்கி, அவரே உடைச்சு, அவரே சமைக்கட்டும்."

அக்கா சிரித்த சிரிப்பில் லிஃப்டை இரண்டு தரம் தவறவிட்டோம்.