தும்மல் பேப்பரும் ஒரு காலிக் கட்டமும்

சூடான காகித வாசனையும் காய்ந்த மிளகாய் நெடியும் சேர்ந்தால் எப்படி இருக்கும்? எங்கள் ஊர்க்காரர்களைக் கேளுங்கள்... பதிலுக்கு முன்னால் நாலு தும்மல் வரும்!

நான் டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவருடம், கமுதிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமத்துக்கென்று ஒரு செய்தித்தாள் தொடங்கினோம். ஒரே தாள், இரண்டு பக்கம், வெள்ளிக்கிழமைதோறும். பெரிய பத்திரிகையில் எங்கள் ஊர்ப் பெயர் வரவேண்டுமென்றால் பஸ் கவிழ வேண்டும். குழாயில் தண்ணீர் வராததெல்லாம் அவர்களுக்குச் செய்தியா?
எங்களுக்கு அதுதானே செய்தி!

நகல் மிஷின், காகிதம், மை எல்லாம் துரைச்சாமி அண்ணன் தந்தது. எங்கள் ஊரில் பிறந்து, திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர். ஒரே ஒரு நிபந்தனை.

"என் பேரு மட்டும் எங்கயும் வரக்கூடாது டீச்சர்."

அப்படி ஒரு மனுஷன்!

மிஷின் வைக்க இடம் கிடைத்தது மிளகாய் வியாபாரி செல்லையாவின் கிட்டங்கியில், மூட்டை அடுக்கும் குடோனில். அதனால் ஒவ்வொரு தாளிலும் மிளகாய்த் தூசி. பரமக்குடி பஸ்ஸில் ஒருவர் பிரித்தால் முன் சீட்டுக்காரர் தும்முவார். 'தும்மல் பேப்பர்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

எல்லாரும் முதலில் பார்ப்பது கடைசிப் பக்கத்துக் கட்டத்தைத்தான். மேலே ஊராரின் கேள்வி, யாரைக் கேட்கிறோமோ அவர் பெயர். கீழே பதிலுக்கு இடம். திங்கட்கிழமை கேள்வியைச் சொல்லிவிடுவோம். வியாழனுக்குள் பதில் வராவிட்டால் கட்டத்தைக் காலியாகவே அச்சடிப்போம். திட்ட மாட்டோம். வெறும் வெள்ளை இடம், அவ்வளவுதான்.

உதாரணம் சொல்கிறேன். காலை எட்டு மணி டவுன் பஸ் ஊருக்குள் வராமல் மெயின் ரோட்டு விலக்கிலேயே திரும்பிக்கொண்டிருந்தது. ஏன் என்று பஸ் டெப்போவைக் கேட்டோம், மூன்று வாரம் கட்டம் காலி. அந்த மூன்று தாள்களையும் கையில் பிடித்துக்கொண்டு பெண்கள் கிராம சபைக்குப் போய்த் தீர்மானம் போட வைத்தார்கள். அதுவரை கிராம சபை என்றால் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கலைவதுதான். நாலாவது வாரம் பஸ் ஊருக்குள் வந்தது!

கேள்விகளைத் திரட்டுவது பஞ்சவர்ணம். மிளகாய்க் காட்டில் வேலை பார்ப்பவர். ஒரு திங்கட்கிழமை அவர் கொண்டுவந்த கேள்வியை நான் இரண்டு தரம் படித்தேன்.

'ஊருணிக்கு வரும் வாய்க்காலை அடைத்தது ஏன்? எப்போது திறப்பீர்கள்?'
பெயர்: துரைச்சாமி.

அந்தக் கோடையில் ஊருணிக்கு மேலே அவர் நிலம் வாங்கி வேலி போட்டிருந்தார். வேலிக்காகப் போட்ட மண்கரை வாய்க்காலை மூடிவிட்டது. ஐப்பசி மழைக்குப் பதினைந்து நாள்தான் இருந்தது. அதில் ஊருணி நிறையாவிட்டால் வருடம் முழுக்க லாரித் தண்ணீர்தான்.

செல்லையா பதறிவிட்டார். "ஏத்தா, மிஷினே அவரு குடுத்தது. நாளைக்கே தூக்கிட்டுப் போயிட்டாருன்னா?"

"போகட்டும்ணே," என்றார் பஞ்சவர்ணம். "ஆளு பாத்துக் கேள்வி கேக்குறதுக்கு எதுக்கு ஒரு பேப்பரு? நேர்ல போயி கும்புட்டுட்டு வந்துரலாம்ல?"

"ரோசத்தப் பாரு! தாகத்துக்கு மொளகா வத்தலக் கடிப்பியாக்கும்?"

"தண்ணி வரலைன்னா ஒங்க வீட்லயும் அதத்தேன் கடிக்கணும்."

நான் அண்ணனுக்குப் போன் செய்து கேள்வியை வாசித்தேன்.

"என் பேரு வரக்கூடாதுன்னு சொல்லியிருந்தேனே டீச்சர்..."

போன் வைக்கப்பட்டது.

வியாழன் மாலை வரை பதில் இல்லை. காலிக் கட்டத்தோடு அச்சடித்தோம். இதுதான் கடைசித் தாள் என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. கண்ணில் தண்ணீர்... மிளகாய் நெடி என்று சொல்லிக்கொண்டேன்.

ஞாயிறு காலை செல்லையா ஓடி வந்தார். "டீச்சர்! மேலக்காட்டுல ஜேசிபி நிக்கிது!"

ஓடினோம். கரையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் துரைச்சாமி அண்ணன், சட்டைப் பையில் எங்கள் தாள்!

"சூப்பர்வைசர் போட்ட கரை, நான் வந்து பாக்கல. ஆனா அத எழுதாதீக, சாக்கு சொன்ன மாதிரி இருக்கும். 'தப்பு என்னோடது, திறந்தாச்சு'ன்னு போடுங்க."

"பேரு போடலாமாண்ணே?" என்று தயங்கிக் கேட்டேன்.

"கேள்வில போட்டுட்டு இப்பக் கேக்குறீகளே! போடுங்க. மிஷினு குடுத்தத மட்டும் போட்டுறாதீக."

பஞ்சவர்ணம் சட்டென்று சொன்னார்: "அதப் பத்தி யாரும் கேள்வியே அனுப்பலண்ணே."

அண்ணன் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. அந்த ஐப்பசியில் ஊருணி நிறைந்து படி மூழ்கியது!

இப்போது தாளை ஐந்து பெண்கள் நடத்துகிறார்கள். ஒரு அறக்கட்டளை உதவுகிறது. பரமக்குடியில் பளிச்சென்று அச்சாகி வருகிறது. போனிலும் வருகிறது. யாரும் தும்முவதில்லை... செல்லையா மட்டும் மிஷின் இருந்த மூலையில் இன்னும் மூட்டை அடுக்காமல் வைத்திருக்கிறார்.

ஆனால் கட்டம் அப்படியே இருக்கிறது. எப்படித் தெரியும் என்கிறீர்களா? இந்தத் திங்கட்கிழமை கோவையில் மகள் வீட்டில் இருந்தபோது பஞ்சவர்ணத்திடமிருந்து போன்.

"டீச்சர், கோவிச்சுக்கிறாதீக. இந்த வாரக் கேள்வி ஒங்களுக்குத்தேன். நம்ம ஊருப் படிப்பகச் சாவி ஒங்ககிட்ட இருக்கு. மூணு வாரமா ஏன் பூட்டிக் கிடக்குன்னு கேக்குறாக."

முகம் சுருங்கியது உண்மை. அடுத்த நிமிடமே துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது!

பேரனுக்குக் காய்ச்சல், அதனால் தங்கிவிட்டேன் என்று பதில் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். சாக்கு சொன்ன மாதிரி இருக்கும். 'தப்பு என்னோடது, திறந்தாச்சு' என்பதே போதும். ஆனால் அதற்கு முதலில் திறக்க வேண்டுமே!

பரமக்குடியில் ரயில் இறங்கி, கமுதி பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சாவி கையில் இருக்கிறது.

இன்று புதன்கிழமைதான்!