வேறு வேறு பெட்டி

அக்கா நாகவல்லி போய்ப் பதினாறு நாள் ஆகிறது. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும், "வாயில்லாப் பூச்சி, பாவம்" என்றார்கள். வாயில்லாதவள்தான். பாவம் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில் அவளுக்குக் காரைக்குடி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை கிடைத்தது. எட்டு மணி நேரம் ஊரார் குரல்களைக் காதில் வாங்கி, ஒன்றோடொன்று இணைத்துவிடுவாள். வீட்டுக்கு வந்தால் நாலு வார்த்தை பேசினால் அதிகம். அவளுக்கு இருந்தது ஒரே ஆசை: லீவு போட்டுவிட்டுத் தனியாக ரயிலேறித் தரங்கம்பாடிக் கடலைப் பார்க்க வேண்டும்.

புதுவயல் அரிசி மில்லில் மேஸ்திரியாக இருந்த அப்பா, துணையில்லாமல் போகவே கூடாது என்றார். துணைக்குத் தன் தங்கை பொன்னுத்தாயியை ஏற்பாடு செய்தார். அத்தை தூக்கத்திலும் பேசுவாள். அக்கா அன்று சாப்பிடவில்லை.

அறுபத்தெட்டு மாசியில் ஒரு விடியற்காலை கிளம்பினார்கள். பி.யு.சி. படித்துக்கொண்டிருந்த நான் வழியனுப்பப் போனேன். தெருமுனை வீட்டு முத்துராமலிங்கம் வாசலில் பல் துலக்கிக்கொண்டு நின்றார்.

"என்ன ஆத்தா, வெள்ளனவே எங்க போறீக?"

அத்தை அப்படியே நின்றுவிட்டாள். கிளம்புகிறவர்களை அப்படிக் கேட்டுவிட்டால், திரும்பிப் போய் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்பட வேண்டும்.

"அந்த வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீகளா?"

"கேட்டது ஒரு குத்தமா?"

"ஏடி, வீட்டுக்குத் திரும்பு!"

"நீங்க போயி உக்காந்துட்டு வாங்க அத்தை. நான் டிக்கெட் எடுத்து வைக்கிறேன்" என்றாள் அக்கா.

நானும் அவளோடு போனேன். ஸ்டேஷனில் இரண்டு டிக்கெட் எடுத்தாள். மாயவரம் பாசஞ்சர் வந்தது. அத்தையைக் காணோம். கார்டு விசில் ஊதினார். ஒரு டிக்கெட்டை என்னிடம் திணித்தாள்.

"அப்பா கேட்டா?" என்றேன்.

"அக்கா ஏறிட்டான்னு சொல்லு."

வண்டி போனபிறகு அத்தை மூச்சிரைக்க வந்தாள். "அடிப்பாவி, தனியாவா போயிட்டா!" வழியெல்லாம் புலம்பிக்கொண்டு திரும்பினாள். முத்துராமலிங்கம் வாசலிலேயே நின்றிருந்தார். "அதுக்குள்ள வந்துட்டீக?"

அப்பா மூன்று நாள் மில்லுக்குப் போகாமல் ஸ்டேஷனிலேயே கிடந்தார். நாலாம் நாள் அக்கா வெயிலில் கறுத்து இறங்கினாள். திட்டத்தான் வாயெடுத்தார். வந்தது வேறு.

"மூணு நாளா யாரோட பேசிக்கிட்டிருந்த, தாயி?"

"யாரோடயும் இல்லப்பா. அதான் நல்லா இருந்துச்சு."

வீடு வரும்வரை அவளே பேசினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தது, சத்திரத்தில் கதவைத் தாழிட்டுத் தூங்கியது, மத்தியானம் முழுக்கக் கடல் பார்த்தும் என்ன யோசனை என்று யாரும் கேட்காதது. அப்பா கேட்டுக்கொண்டே நடந்தார். மறு வருஷம் துணைப் பேச்சை எடுத்த அத்தையிடம், "அவ தனியாப் போவா" என்று முடித்துவிட்டார்.

எழுபத்தொன்பதுவரை வருஷத்துக்கு ஓர் ஊர். அந்நாளில் எங்கள் தெருவில் எந்த ஆணும் அத்தனை ஊர் பார்த்ததில்லை. கடைசியில் அத்தையே வந்து கேட்டாள்: "என்னையும் கூட்டிட்டுப் போடி. வாயே தொறக்க மாட்டேன்."



"வேற வேற பெட்டியில ஏறுவமா அத்தை?"

அப்படித்தான் போய்விட்டு வந்தார்கள்.