புறாக் கூண்டின் நிழல்

திரிப்போலியின் மீனா துறைமுகத் தெருவில் இப்திஹாஜ் என்றால் பள்ளிச் சீருடை தைப்பவள் என்று எல்லோருக்கும் தெரியும். அரசு கரண்ட் எப்போது வரும் என்று யாரும் கேட்பதையே விட்டுவிட்ட ஊர் அது. அவள் வீட்டு மாடியில் எட்டு சூரிய மின்பலகைகள் இருந்தன. கீழே அவளும் நாத்தனார் ரபாபும் ஆளுக்கொரு மெஷினில் தைத்தார்கள்.

பிற்பகலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் மெஷின் இரண்டும் திணறி நின்றுவிடும். மாடியின் மேற்கு மூலையில் அவள் கணவன் நபுஹான் கட்டிய புறாக் கூண்டின் நிழல் அப்போதுதான் கடைசிப் பலகை மேல் விழும். சைப்ரஸுக்கென்று படகேறிப் போன நபுஹானைப் பற்றி அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களை இப்திஹாஜ் வாசலோடு அனுப்பிவிட்டாள். தீனி போட அவன் இல்லாத கூண்டிலிருந்து புறாக்களும் ஒவ்வொன்றாக வேறு மாடிகளுக்குப் போய்விட்டன.

மெஷின் நின்றதும் அவள் மாடிக்குப் போவாள். காலிக் கூண்டுக்குள் குனிந்து நுழைந்து, கம்பி வலை வழியே கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். கரண்ட் இல்லாத நேரந்தானே, யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

பள்ளி திறக்கும் மாதம் நெருங்கியது. தையல் தேங்கிப் போகவே ரபாப்தான் பலகை மாட்டிக்கொடுத்த ஜவ்தத்தைக் கூட்டிவந்தாள். அவன் மாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கூண்டைப் பிரித்துப் போட்டால் சரியாகிவிடும் என்றான்.

"அதுல கை வைக்காத," என்றாள் இப்திஹாஜ்.

"காலியாத்தானேக்கா கெடக்கு?"

"கெடக்கட்டும்."

ஜவ்தத் ரபாபைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நபுஹான் அவளுக்கு அண்ணன். ஜவ்தத் தலையைச் சொறிந்தான்.

"சரி, வேற வழி இருக்கு. இப்ப எட்டையும் ஒரே சரமாக் கோத்திருக்கு. ஒண்ணு தளர்ந்தா மத்த ஏழையும் சேத்து இழுத்துடுது. ஒவ்வொண்ணுக்கும் அடியில ஒரு சின்ன கன்வெர்ட்டர் வச்சுட்டா, அதது தன்னால முடிஞ்சதக் கொடுக்கும். நிழல்ல இருக்கிறது மட்டும் கொஞ்சம் கம்மியாக் கொடுக்கும், அவ்வளவுதான். கூண்டு இருந்துட்டுப் போகட்டும்."

கேட்டதும் இப்திஹாஜுக்கு நெஞ்சு லேசானது. அவனுக்கு இரண்டு முறை காபி போட்டுக் கொடுத்தாள்.

உள்ளங்கை அகலப் பெட்டிகளைப் பலகைகளுக்கு அடியில் அவன் திருகி முடித்த மறுநாள், பாங்கு கேட்டது, நிழலும் விழுந்தது. மெஷின்கள் நிற்கவில்லை. ரபாப் சிரித்துக்கொண்டே அடுத்த சட்டையை எடுத்தாள். இப்திஹாஜும் எடுத்தாள். பொழுது சாயும்வரை இருவரும் தைத்தார்கள். மறுநாளும் அப்படியே. சீருடைகள் மடித்து அடுக்க இடமில்லாமல் குவிந்தன. கழுத்துப்பட்டை தைக்கும்போது அவள் கை ஓடும், கண் மட்டும் படிக்கட்டுப் பக்கம் போய்விட்டு வரும். தான் வராததைக் கடல் கவனித்திருக்குமோ என்றுகூட ஒருநாள் நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அந்த வாரக் கடைசியில் ரபாப் ரொட்டி வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். இப்திஹாஜ் எழுந்து இன்வெர்ட்டர் சுவிட்சை அணைத்துவிட்டு மாடி ஏறினாள்.

சற்று நேரத்தில் கீழிருந்து ரபாபின் குரல் வந்தது. "அண்ணி, கரண்ட் போயிடுச்சா?"

இப்திஹாஜ் கூண்டின் கம்பி வலையில் நெற்றியைச் சாய்த்திருந்தாள். தூரத்தில் ஒரு படகு கரைக்கு வருவதுபோலத் தெரிந்தது.

"ஆமா, போயிடுச்சு," என்றாள். "வந்துடும், இரு."