பெஸ்கடேரியன் சபை

மாமா துபாயில் ஒரு ஹோட்டல் சமையற்கட்டில் வேலை பார்த்தார். லீவில் வந்தபோது எல்லாருக்கும் சென்ட் பாட்டிலும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்தார். எனக்குக் கூடுதலாக ஒரு சொல்லையும் கொண்டுவந்தார். அங்கே வருகிறவர்களை அவர்கள் தின்பதை வைத்தே பிரித்துவிடுவார்களாம். பால், தயிர்கூடத் தொடாதவர் வீகன். முட்டையோடு நிறுத்திக்கொள்பவர் எக்கிட்டேரியன். சமயத்துக்குத் தகுந்தபடி மாறிக்கொள்பவர் ஃப்ளெக்ஸிடேரியன். தவக்காலம் முழுக்க இறைச்சியைத் தொடாமல் இருந்து, ஈஸ்டர் அன்று அத்தனைக்கும் சேர்த்துச் சாப்பிடும் அம்மா ஃப்ளெக்ஸிடேரியன் என்று மாமா தீர்ப்புச் சொன்னார். கோழி, ஆடு எதையும் வாயில் வைக்காமல் மீன் மட்டும் தின்னும் நான் பெஸ்கடேரியன்.

எங்கள் கடற்கரை ஊரில் மீன் தின்பதற்கு ஒரு பெயர் வேண்டியிருக்கும் என்று யாரும் நினைத்ததில்லை. நான்காம் வகுப்பில் வேறு எவருக்கும் அப்படியொரு பட்டம் இல்லாததால், நான் அதைச் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டேன்.

அந்த மாதம்தான் அம்மாவுக்கு நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. அப்பா வளைகுடாவில் மீன்பிடிப் படகில் இருந்தார். டியூட்டி நேரத்துக்கு ஒத்துவருகிற பஸ் எங்கள் ஊருக்குக் கிடையாது. டவுனில் வீடு பிடிக்க வேண்டும். இல்லையென்றால் வேலையை விட வேண்டும். அம்மா தனியாகச் சில வீடுகளைப் பார்த்துவிட்டு வந்தாள். வந்ததும் சேலையை மாற்றிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விடுவாள். ஆண்துணையோடு போனால் கிடைக்கும் என்று யாரோ சொன்னதால், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாமாவும் வந்தார்.

அன்று நாங்கள் பார்க்கப்போன வீட்டின் சொந்தக்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பேச்சில் மரியாதை இருந்தது. அவரே முன்னால் ஏறிப்போய் மாடியைத் திறந்து காட்டினார். ஜன்னலில் வேளிமலை தெரிந்தது. அம்மா குழாயைத் திறந்து தண்ணீர் பார்த்தாள், அடுப்பு மேடையைக் கையால் தடவினாள். வாடகையும் ஒத்துவந்தது. கீழே வந்து உட்கார்ந்ததும் அவர் கேட்டார்.

"ஒண்ணும் நினைக்கப்பிடாது. நீங்க வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?"

அம்மா மாமாவைப் பார்த்தாள். மாமா தொண்டையைச் செருமினார். பரீட்சையில் படித்த கேள்வியே வந்துவிட்டதைப் போல நான் முந்திக்கொண்டேன்.

"நான் பெஸ்கடேரியன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி யோசித்தார். "அது எந்த சபை? கேட்டதில்லையே. புதுசா வந்ததா?"

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சபை இல்ல சார். மீனு மட்டும் தின்னக்கூடியவங்களை இங்கிலீஷ்ல அப்படிச் சொல்லுகது."

"ஓ, மீனா?" கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "அப்ப ஊரு கடக்கரையோ?" என்றார்.

"ஆமா சார். குளச்சல் பக்கம்."

அவர் மெதுவாகத் தலையாட்டினார். உள்ளேயிருந்து சாளைமீன் புளிமுளம் கொதிக்கிற மணம் வந்துகொண்டிருந்தது. தேங்காயும் புளியும் மீனும் சேர்ந்து, அப்படியே எங்கள் அடுக்களை மணம். நம்ம ஆட்கள்தான் என்று எனக்கு நிம்மதியாகிவிட்டது.

"நீங்களும் பெஸ்கடேரியனா?" என்று கேட்டேன்.

உள்ளே யாரோ அடுக்களைக் கதவைச் சாத்தினார்கள்.

"எங்களுக்கு சாப்பாட்டுல தடை ஒண்ணும் கெடையாது, கேட்டியளா?" என்று மாமாவிடம் சொன்னார். "பெங்களூர்ல இருக்க மகன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும். கேட்டுட்டு போன் பண்ணுகேன்."

மாமா தன் நம்பரைச் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அம்மா எழுந்துவிட்டாள்.

திரும்பும் பஸ்ஸில், "நான் சரியா சொல்லலியா மாமா?" என்று கேட்டேன்.

"சரியாத்தான் சொன்ன மக்கா."

"பின்ன ஏன் வீடு தரல்ல?"

"அவரு கேட்டது வேற."

"பிள்ளைக்கிட்ட என்னத்துக்குடே இதெல்லாம்?" என்று அம்மா அவரை அடக்கினாள். நான் மறுபடியும் யோசித்துப் பார்த்தேன். வெஜ்ஜா, நான்வெஜ்ஜா என்றுதான் அவர் கேட்டார். என் காதில் வேறு எந்தக் கேள்வியும் விழவில்லை.

மாமா லீவு முடிந்து போய்விட்டார். பிறகு கோட்டாற்றில், ஒரு சந்துக்குள், ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர் மட்டும் தெரிகிற வீடு ஒன்றைப் பார்க்கப் போனோம். வீட்டுக்காரம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சாவியோடு வந்தார். அவர் வாய் திறப்பதற்கு முன்பே, பாடம் ஒப்பிப்பதைப் போல அம்மா சொன்னாள்.

"எங்க ஊரு கடக்கரை. வீட்டுல மீனு வைப்போம். இப்பமே சொல்லிட்டேன்."

வீட்டுக்காரம்மா பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினார்.

"ஊருக்குப் போயிட்டு வரும்போ நல்ல சாளை கிடைச்சா எனக்கும் சேத்து வாங்கிட்டு வா பிள்ள," என்று சாவியை அம்மா கையில் வைத்தார்.

அம்மா அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சேலைத் தலைப்பை முகத்தில் வைத்தவள் அதை எடுக்கவே இல்லை. வெயிலில் அலைந்த களைப்பாக்கும் என்று நினைத்து, நான் குடிக்கத் தண்ணீர் கேட்டு வீட்டுக்காரம்மா பின்னால் ஓடினேன்.