இன்று அம்மாவைத் திட்டிவிட்டேன்

அம்மாவுக்கு மறதி நோய் வந்து மூன்று வருடமாகிறது. இன்று காலை நெல்லித்தோப்பில் இருக்கும் டாக்டரிடம் அழைத்துப் போனேன். காத்திருந்தபோது, "வூட்டுக்குப் போலாம்" என்று இருபது தடவையாவது சொல்லியிருப்பாள்.

"கொஞ்ச நேரம் சும்மா இரும்மா!" என்று கத்திவிட்டேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவமானத்தில் அழுகை வந்துவிட்டது.

அம்மா முந்தானையால் என் கண்ணைத் துடைத்தாள். "ஏன் பாப்பா அழுவுற? யாரு திட்டுனாங்க?" நான் மகள் என்பதே அப்போது அவள் நினைவில் இல்லை.

"நான்தான் எங்கம்மாவத் திட்டிட்டேன்."

"அதுக்கா அழுவுற? உங்கம்மா அதெல்லாம் மனசுல வெச்சிக்க மாட்டாங்க."

உண்மைதான். வீடு வருவதற்குள் மறந்துவிட்டாள்.

மன்னிப்புக் கேட்டேன். "எதுக்கு?" என்கிறாள். நீங்களாக இருந்தால் என்ன பதில் சொல்வீர்கள்?